ஐந்தாவது அம்பு

பாரதக் கதையில் சிறு வயதிலிருந்தே என் மனத்தை விட்டு அகலாத கட்டம் ஒன்று உண்டு. விராட பர்வத்தில் வருகிறது. அஞ்ஞாத வாசம் முடிந்து, பேடி வேஷத்தைக் களைந்துவிட்டு, அர்ஜுனன் காண்டீவத்தைக் கையில் எடுக்கிறான். எதிரே கௌரவ சேனை. அதன் நடுவில், வில் பிடிக்கக் கற்றுக் கொடுத்த துரோணாசாரியார். இரண்டு அம்புகள் பறந்து வந்து ஆசாரியரின் காலடியில் விழுகின்றன. இன்னும் இரண்டு அவருடைய காதோரமாக உரசிக்கொண்டு போகின்றன. பக்கத்தில் நின்ற சிப்பாய்கள், 'குறி தவறிவிட்டது' என்று நினைத்திருப்பார்கள். ஆசாரியருக்கு மட்டும் தெரியும்: சீடன் நமஸ்காரம் செய்கிறான், குசலம் விசாரிக்கிறான்.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பாரதம் சொன்ன பெரியவர் இந்த இடத்தில் சற்று நிறுத்துவார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள். தூணோரம் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் வேறொரு கவலை. நான்கு அம்புகள் சரி. ஐந்தாவது அம்பு எங்கே விழுந்தது?

குருவும் சீடனும் பிறகு பொருதினார்கள் என்று கதை சொல்கிறது. ஆனால் குருக்ஷேத்திரத்தில் துரோணரை முடிக்கும் பழி திருஷ்டத்யும்னன் தலையில் விழுந்தது. வியாசர் அர்ஜுனனைக் காப்பாற்றிவிட்டார். சரித்திரத்துக்கு அவ்வளவு தயவு கிடையாது. ஐந்தாவது அம்பைத் தன் கையாலேயே தொடுக்க நேர்ந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் பின்லாந்து தேசத்துத் தளபதி. பெயர் யால்மர் ஸீலாஸ்வுவோ.

பெயர் நாக்கில் நுழையாவிட்டால் வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். அவரே பிறக்கும்போது அந்தப் பெயருடன் பிறக்கவில்லை. 1892-ம் வருஷம் ஹெல்ஸிங்கி நகரில் பிறந்தபோது அவர் குடும்பத்துக்கு ஸ்ட்ரோம்பெர்க் என்ற ஸ்வீடிஷ் பெயர்தான் இருந்தது. சுதேசப் பற்றினால் எத்தனையோ பின்லாந்துக்காரர்கள் பெயரை மாற்றிக்கொண்ட காலத்தில், 1936-ல், அவரும் தம் பெயரைப் பின்னிஷ் மொழிக்கு மாற்றிக்கொண்டார்.

* * *

பின்லாந்து பல நூற்றாண்டுகள் ஸ்வீடன் வசம் இருந்தது. 1809-ல் ருஷ்யாவின் ஜார் சக்கரவர்த்தி கைக்குப் போயிற்று. ஒரு நூறு வருஷம் இப்படியே கழிந்தது. 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டபோது பின்லாந்து இளைஞர்கள் சிலருக்கு ஒரு யோசனை தோன்றியது. ருஷ்யாவுக்கு எதிரி ஜெர்மனி. எதிரிக்கு எதிரி நண்பன் அல்லவா? அங்கே போய் ஆயுதப் பயிற்சி பெற்றுத் திரும்பினால் சொந்த நாட்டை விடுவிக்கலாமே!

பிடிபட்டால் தேசத் துரோகக் குற்றம். இருந்தும் எல்லை கடந்து, ஸ்வீடன் வழியாக, ரகசியமாகப் போனார்கள். மாணவர்கள், குடியானவர்கள், தொழிலாளிகள் என்று ஏறக்குறைய 1,900 பேர். ஹாம்பர்க் நகருக்குச் சமீபத்தில் உள்ள லாக்ஸ்டெட் முகாமில் ஜெர்மானியர்கள் அவர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களைக் கொண்டு 27-வது யேகர் பட்டாளம் உருவாயிற்று. ரீகா நகரை ஒட்டிய போர்முனையில் அவர்கள் ஜெர்மன் உடுப்பில் ருஷ்யரோடு பொருதினார்கள். அவர்களில் ஒருவர் நம் யால்மர்.

1917 டிசம்பர் 6-ந் தேதி பின்லாந்து சுதந்திரப் பிரகடனம் செய்தது. அடுத்த மாதமே உள்நாட்டுச் சண்டை பிடித்துக் கொண்டது. சிவப்பர், வெள்ளையர் என்று அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். யேகர்கள் 1918 பிப்ரவரியில் வாஸா துறைமுகத்தில் வந்து இறங்கி வெள்ளையர் சேனைக்கு முதுகெலும்பாக நின்றார்கள். அந்தச் சண்டையிலும், பிறகு நடந்த பழிவாங்கலிலும், சிறை முகாம்களின் பசியிலும் நோயிலும் 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சுதந்திரம் கிடைத்தது, வடு ஆற வெகு காலம் ஆயிற்று.

இந்தத் தலைமுறைப் பின்லாந்து அதிகாரிகளுக்கு ஜெர்மனி வெறும் அயல்நாடு அல்ல, குருகுலம். பாசறைப் பாட்டும், வரைபடம் பார்க்கும் வித்தையும், கட்டளை இடும் தோரணையும் அங்கே கற்றவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

* * *

1939 நவம்பர் 30-ந் தேதி சோவியத் சேனைகள் பின்லாந்துக்குள் புகுந்தன. 37 லட்சம் ஜனங்கள் உள்ள நாட்டின் மீது ஒரு மாபெரும் வல்லரசு பாய்ந்தது. தேசப் படத்தைப் பார்த்தால் பின்லாந்துக்கு நடுவில் இடுப்பு போல ஒரு குறுகலான பகுதி தெரியும். அந்த இடுப்பை அறுத்து, மேற்குக் கடற்கரையில் உள்ள ஓவுலு நகரை எட்டிவிட்டால் நாடு இரு துண்டாகிவிடும். அந்த வேலைக்கு வந்தது 163-வது டிவிஷன். டிசம்பர் 7-ந் தேதி அது சுவோமுஸ்ஸால்மி என்ற சிற்றூரைப் பிடித்தது. பிடித்தபோது ஊர் பெரும்பாலும் சாம்பல்தான். எதிரிக்குக் குளிர்காயக் கூரை கிடைக்கக் கூடாதென்று பின்லாந்துக்காரர்களே கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

அங்கே அனுப்பப்பட்டவர் கர்னல் ஸீலாஸ்வுவோ. முதலில் அவர் கூடச் சென்றது ஒரே ஒரு ரெஜிமெண்ட். பீரங்கி கிடையாது. கூடாரம் போதாது. சிப்பாய்கள் பலருக்கு முழு உடுப்புக் கூட இல்லை. ஆனால் அவர்கள் அந்தக் காட்டின் பிள்ளைகள். மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். பனிச்சறுக்குக் கட்டை அவர்களுக்குக் காலின் மறுபகுதி.

ஸீலாஸ்வுவோ ஊரை நேராகத் தாக்கி மண்டையை உடைத்துக் கொள்ளவில்லை. ஊருக்குக் கிழக்கே எல்லையிலிருந்து வரும் ராத்தே சாலையில் போய், டிசம்பர் 11-ந் தேதி குறுக்கே உட்கார்ந்தார். பிறகு 163-வது டிவிஷனுக்கு உதவியாக 44-வது டிவிஷன் அதே சாலையில் வந்தது. உக்ரேனிலிருந்து கொண்டுவரப்பட்ட படை அது. டாங்கியும் லாரியும் நிறைய உண்டு. காட்டுப் பழக்கம்தான் இல்லை. இரண்டு ஏரிகளுக்கு இடையில் உள்ள குறுகலான பாதையில் சுமார் 350 பேர் அதை மறித்து நின்றார்கள். பின்னால் இருப்பது எத்தனை பேர் என்று தெரியாமல் அத்தனை பெரிய படை தயங்கி நின்றுவிட்டது! அந்தத் தயக்கத்துக்குள் ஸீலாஸ்வுவோ, மேலும் வந்து சேர்ந்த துருப்புகளைக் கொண்டு, டிசம்பர் கடைசியில் 163-வது டிவிஷனை நொறுக்கினார். எஞ்சியவர்கள் உறைந்த ஏரியின் மீது ஓடினார்கள். பிறகு அவர் ராத்தே சாலைப் பக்கம் திரும்பினார்.

ஏறத்தாழ இருபது மைல் நீளத்துக்கு, பாம்பு மாதிரி, 44-வது டிவிஷன் சாலையில் கிடந்தது. காட்டுக்குள்ளிருந்து வெள்ளைப் போர்வை போர்த்திய மனிதர்கள் சத்தமில்லாமல் வந்து அந்தப் பாம்பைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். பின்லாந்தில் ஒரு கன மீட்டர் அளவுக்கு அடுக்கி வைக்கும் விறகு அட்டிக்கு 'மொட்டி' என்று பெயர். அகப்பட்ட துண்டுகளுக்கும் சிப்பாய்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். அடுக்கி வைத்த விறகு எங்கே ஓடிவிடப் போகிறது? சாவகாசமாக எரிக்கலாம்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இதிலே என்னை உறுத்தும் விவரம் ஒன்று உண்டு. பின்லாந்துக்காரர்கள் குறி பார்த்துத் தாக்கியவற்றில் முக்கியமானது எதிரியின் சமையல் வண்டி. உறைநிலைக்குக் கீழே முப்பது, நாற்பது டிகிரி குளிர். சூடான கஞ்சி இல்லாமற் போனால் துப்பாக்கியால் சுடவேண்டிய அவசியம் இல்லை, குளிரே பார்த்துக்கொள்ளும். இரவில் நெருப்பு மூட்டினால், அந்த வெளிச்சத்தில் சுட்டார்கள். தங்கள் ஆட்களையோ முறை வைத்துப் பின்னுக்கு அழைத்து, அடுப்பு எரியும் கூடாரத்தில் தூங்கச் செய்தார்கள். 'ஸௌனா' என்னும் நீராவிக் குளியல் கூட நடந்தது. யுத்த சாஸ்திரப்படி இது மகா கெட்டிக்காரத்தனம். ஆனால் பசியும் குளிரும் ஒரு தளபதியின் ஆயுதமாகும்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர முடியுமா?

ஜனவரி 8-ந் தேதிக்குள் எல்லாம் முடிந்தது. 40-க்கு மேற்பட்ட டாங்கிகள், நூற்றுக்கணக்கான லாரிகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள் பின்லாந்து வசமாயின. ஆயிரக்கணக்கான சடலங்கள் பனியில் விறைத்துக் கிடந்தன. தப்பிப் போன சோவியத் தளபதி வினோகிராடோவை, அவருடைய சிப்பாய்களின் கண் முன்னாலேயே நிறுத்திச் சுட்டுக் கொன்றது அவருடைய சொந்த சர்க்கார்.

ஸீலாஸ்வுவோவின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. மேஜர் ஜெனரல் ஆனார். அடுத்து கூமோ என்ற இடத்தில் இன்னொரு டிவிஷனை வளைத்தார். அது விட்டுக் கொடுக்கவில்லை. அதற்குள் 1940 மார்ச் 13-ந் தேதி சமாதானம் வந்துவிட்டது. 105 நாள் யுத்தத்துக்குப் பின் பின்லாந்து தன் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்தது. நாலு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். காட்டிலே ஜெயித்தவர்கள் மேஜையிலே தோற்றார்கள்.

* * *

தோற்ற கசப்பு பொல்லாதது. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத்தின் மீது படையெடுத்தபோது பின்லாந்தும் கூடப் போயிற்று. இழந்ததை மீட்கிறோம் என்றார்கள். அது உண்மைதான், பழைய எல்லையைத் தாண்டிப் போனார்கள் என்பதும் உண்மை. யாருடைய தோளோடு தோள் சேர்த்து நிற்கிறோம் என்பது அப்போது மறைந்திருந்த ரகசியமும் அல்ல. இந்தக் கணக்கை மூடி மறைப்பது சரித்திரம் எழுதுகிறவனுக்கு அழகாகாது.

வடக்கே லாப்லாந்துப் பகுதியை ஜெர்மன் சேனை ஏற்றுக்கொண்டது. ஸீலாஸ்வுவோவின் படைப் பிரிவு ஜெர்மானியரின் தலைமைக்குக் கீழ் வைக்கப்பட்டது. பழைய சீடன் மறுபடியும் குருவின் பாசறையில்! மூர்மன்ஸ்க் ரயில் பாதையை அறுப்பது அவர்கள் திட்டம். ஆகஸ்டில் கீஸ்டிங்கி என்ற ஊரைப் பிடித்தார். இலையுதிர் காலத்தில், அமெரிக்கா பின்லாந்தை எச்சரித்த சமயத்தில், தாக்குதல் நின்றுவிட்டது. எதிர்ப்பு பலமாக இருக்கிறது, மேலே போக முடியாது என்று ஸீலாஸ்வுவோ அறிக்கை கொடுத்தார். அதன் பின்னால் தலைமைத் தளபதி மன்னர்ஹைமின் அரசியல் கணக்கும் இருந்தது என்பது பல சரித்திர ஆசிரியர்களின் கருத்து. ஜெர்மானியருக்கு ஆத்திரம். ஆனால் அந்த ரயில் பாதை அங்கே கடைசி வரை அறுபடவில்லை.

மூன்று வருஷங்கள் லாப்லாந்தில் ஜெர்மன் சிப்பாய்கள் வாழ்ந்தார்கள். ரோவனியேமி நகரில் கடைக்குப் போனார்கள். சிலர் அந்த ஊர்ப் பெண்களைக் காதலித்தார்கள். பின்லாந்து சாப்பிட்ட ரொட்டியிலும் ஒரு பெரும் பகுதி ஜெர்மனியிலிருந்து வந்த தானியந்தான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்கிறோமே, அது அவர்களுக்கும் தெரியாமலா இருக்கும்?

1944 செப்டம்பரில் கணக்குத் தீர்க்கும் நாள் வந்தது. பின்லாந்து இனிமேல் தாக்குப் பிடிக்க முடியாது என்று கண்டு மாஸ்கோவோடு போர் நிறுத்தம் செய்துகொண்டது. நிபந்தனைகளில் ஒன்று: நாட்டில் உள்ள ஜெர்மானியரை வெளியேற்ற வேண்டும், போகாதவர்களை நிராயுதபாணியாக்கிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். லாப்லாந்தில் இருந்த ஜெர்மானியர் இரண்டு லட்சம் பேர். இந்த வேலைக்கு யாரை அனுப்புவது? அந்தக் காட்டையும் அந்த ஜெர்மானியரையும் ஒருங்கே அறிந்த ஒருவர் இருந்தார். மன்னர்ஹைம் ஸீலாஸ்வுவோவைக் கூப்பிட்டார்.

முதலில் நடந்தது, நான் ஆரம்பத்தில் சொன்ன விராட பர்வக் காட்சிதான். இரு தரப்பு அதிகாரிகளும் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். ஜெர்மானியர் இன்ன நாளில் இன்ன ஊரைவிட்டுப் பின்வாங்குவது. பின்லாந்துக்காரர் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பின்தொடர்வது. சண்டை நடப்பது போல் வெளியே காட்டிக்கொள்வது. 'இலையுதிர் கால ஒத்திகை' என்று இதற்குப் பெயர். காலடியில் விழுந்த அம்புகள்! அந்த அவகாசத்தில் லாப்லாந்து ஜனங்கள் லட்சம் பேர் மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களில் பாதிக்கு மேல் எல்லை தாண்டி ஸ்வீடனில் அடைக்கலம் புகுந்தார்கள்.

மாஸ்கோ இந்த நாடகத்தை நம்பவில்லை. 'நீங்கள் செய்கிறீர்களா, நாங்கள் வந்து செய்யட்டுமா?' என்ற தோரணையில் நெருக்கடி வந்தது. செஞ்சேனை உள்ளே வந்தால் திரும்பிப் போகும் என்பதற்கு உத்தரவாதம் என்ன?

ஐந்தாவது அம்பை எடுக்கும் நேரம் வந்துவிட்டது. ஸீலாஸ்வுவோ அதைப் பாதி மனத்தோடு எய்யவில்லை. ஓவுலுவிலிருந்து மூன்று சரக்குக் கப்பல்களில் ஒரு ரெஜிமெண்டை ஏற்றினார். துணைக்குப் போர்க்கப்பல் இல்லை. வழியில் ஒரு ஜெர்மன் விமானம் கண்டுவிட்டால் அத்தனை பேரும் ஜலசமாதி. 1944 அக்டோபர் முதல் தேதி, ஸ்வீடன் எல்லையில் உள்ள டோர்னியோவில், ஜெர்மானியரின் முதுகுக்குப் பின்னால் அந்தப் படை இறங்கியது. ஒரு வாரம் கடும் சண்டை. பின்லாந்துச் சிப்பாய்கள் ஜெர்மன் சாராயக் கிடங்கு ஒன்றைக் கண்டுபிடித்துக் குடித்துக் கூத்தாடியதில் காரியம் சற்றுத் தாமதப்பட்டது என்பதும் சரித்திரந்தான். மனிதர்கள் மனிதர்களே!

அதற்குப் பிறகு நாடகம் இல்லை. ஜெர்மன் தளபதி ரெண்டூலிச் ஊர் ஜனங்களில் சுமார் 260 பேரைப் பணயமாகப் பிடித்தார், பின்னர் விட்டார். ஆனால் வீடுகளை விடவில்லை. பாலங்கள், பள்ளிக்கூடங்கள், தந்திக் கம்பங்கள், பண்ணைகள், எல்லாம் போயின. அக்டோபர் நடுவில் பின்லாந்துப் படை ரோவனியேமியை அடைந்தபோது நகரில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்திருந்தது. புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நின்றன. போகிற வழியெல்லாம் கண்ணிவெடி. யுத்தம் முடிந்த பிறகும் வீடு திரும்பிய குடியானவர்கள் அவற்றை மிதித்துச் செத்தார்கள்.

இன்னொரு கொடுமை: போர் நிறுத்த உடன்படிக்கைப்படி பின்லாந்து தன் சேனையை அந்தச் சமயத்திலேயே கலைத்தாக வேண்டும். அனுபவசாலிகள் வீட்டுக்குப் போனார்கள். துரத்தும் வேலை பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் தலையில் விழுந்தது. 'சிறுவர்களின் சிலுவைப் போர்' என்று ஜனங்கள் அதை அழைத்தார்கள். கடைசி ஜெர்மானியன் எல்லை தாண்டியது 1945 ஏப்ரல் 27-ந் தேதி. இரு தரப்பிலும் இறந்தவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர் அளவில்தான். பெரிய யுத்தத்தின் கணக்கில் இது சொற்பம். ஒவ்வொரு வீட்டின் கணக்கில் அல்ல.

* * *

சுவோமுஸ்ஸால்மியைப் பற்றியும் கூமோவைப் பற்றியும் ஸீலாஸ்வுவோ இரண்டு புத்தகங்கள் எழுதினார். லாப்லாந்தைப் பற்றிப் புத்தகம் எழுதவில்லை. 1947-ல், ஐம்பத்து நாலாவது வயதில், காலமானார்.

'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தாரே' என்று கேட்பவர்கள் உண்டு. கும்பகர்ணனைப் போற்றி வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வி எளிதில் புரியும். எனக்குத் தோன்றுவது இதுதான்: சோறு போட்ட கை வேறு, பெற்ற மண் வேறு. அன்றைக்கு ஸீலாஸ்வுவோ தயங்கியிருந்தால் அந்த வேலையை முடிக்க வேறு சேனை வந்திருக்கும். கிழக்கு ஐரோப்பாவில் செஞ்சேனை நுழைந்த நாடுகள் பின்னர் என்ன பாடுபட்டன என்பது தெரிந்த விஷயம். பின்லாந்தை யாரும் ஆக்கிரமிக்கவில்லை. அதற்கு லாப்லாந்து ஜனங்கள் தங்கள் வீடுகளை விலையாகக் கொடுத்தார்கள். அந்த விலையைக் கொடுப்பதென்று தீர்மானித்தவருக்கு இரவில் தூக்கம் வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

கதை இங்கே முடிந்துவிடவில்லை. அவருக்கு என்ஸியோ என்று ஒரு மகன் உண்டு. 1922-ல் பிறந்தவர்; அவரும் ராணுவ அதிகாரி. தகப்பனார் இறந்து பத்து வருஷத்துக்குப் பின், 1957-ல், ஐக்கிய நாடுகளின் அமைதிப் படையில் சேர்ந்து ஸினாய் பாலைவனத்துக்குப் போனார். 1964-ல் சைப்ரஸ் தீவில் பின்லாந்துத் துருப்புகளுக்குத் தலைமை வகித்தார். அந்த அமைதிப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்தவர் நம் கூர்க் நாட்டு ஜெனரல் திம்மையா. சுடாமல் இருப்பதே உத்தியோகமான ஒரு சேனையில் அந்த இருவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள்.

1973 அக்டோபரில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம் மூண்டது. போர் நிறுத்தம் ஏற்பட்டபோது எகிப்தின் மூன்றாவது சேனை சூயெஸ் கால்வாயின் கிழக்குக் கரையில் சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தது. பனிக்குப் பதில் மணல். மற்றபடி ஒரு பிரம்மாண்டமான மொட்டி. தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. ஐ.நா. படையின் தளபதி என்ஸியோ ஸீலாஸ்வுவோ. கெய்ரோவிலிருந்து சூயெஸ் போகும் சாலையில் 101-வது கிலோ மீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து, எகிப்தியத் தளபதியையும் இஸ்ரேல் தளபதியையும் ஒரே மேஜைக்கு எதிரெதிரே உட்கார வைத்தார்கள். நவம்பர் 11-ந் தேதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. வளைக்கப்பட்ட சேனைக்கு உணவும் நீரும் மருந்தும் போகலாம். சாலையைக் காப்பது ஐ.நா. சிப்பாய்கள்.

ராத்தே சாலையில் தகப்பனார் சமையல் வண்டிகளைக் குறி வைத்தார். முப்பத்து நாலு வருஷம் கழித்து, இன்னொரு சாலையில், பட்டினி கிடந்த சிப்பாய்களை நோக்கி ரொட்டியும் தண்ணீரும் ஏற்றிய லாரிகளை மகன் அனுப்பி வைத்தார்.